லைக் வருகிறது, போன் வரவில்லையே!

சமூக வலைதளங்களில் எழுதியோ பேசியோ தொழிலில் பெயர் எடுப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கி, சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். யாருடைய பெயரையும் போடவில்லை, ஏனென்றால் பாதிப் பேர் கடைசி வரியில் "எங்கள் முதலாளியும் இந்தப் பத்திரிகை படிப்பார்" என்று எழுதியிருந்தீர்கள்.

கேள்வி: சார், திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் 12 வருடமாக குவாலிட்டி பார்க்கிறேன். நான்கு மாதமாக லிங்க்ட்இன்னில் தினமும் போஸ்ட் போடுகிறேன், நாற்பது லைக்கைத் தாண்டவில்லை. எங்கள் ஆபீசில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத பையன் 'வெற்றிக்கு ஐந்து பழக்கங்கள்' என்று எழுதி இருபதாயிரம் ஃபாலோயர் வைத்திருக்கிறான். நான் எங்கே தப்பு செய்கிறேன்? என் கடைசி பத்து போஸ்ட்டுகளையும் இணைத்திருக்கிறேன்.
- குவாலிட்டி மேனேஜர், திருப்பூர்

பதில்: பத்தையும் உட்கார்ந்து படித்தேன். எட்டு போஸ்ட்டுகளை உங்கள் கம்பெனி வாசலில் இருக்கும் டீக்கடைக்காரரே எழுதியிருக்கலாம், அவரை நான் குறை சொல்லவில்லை. திங்கட்கிழமை உற்சாகம், மகளிர் தின வாழ்த்து, தரம் என்பது மனதில் இருக்க வேண்டும் என்ற மாதிரி இரண்டு மூன்று. பன்னிரண்டு வருடம் துணியைத் தொட்ட கை இதில் எங்கே இருக்கிறது? மீதி இரண்டில் இருக்கிறது. சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட்டைத் துவைத்த பிறகு பக்கத் தையல் ஏன் வயிற்றுப் பக்கம் திருகிக்கொண்டு வருகிறது, நூலின் முறுக்கு அதில் என்ன வேலை செய்கிறது என்று ஒன்றில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு 31 லைக், பக்கத்தில் 'ஃபெயில்' என்று நீங்களே குறித்தும் அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கீழே வந்த கமெண்ட்டுகளைப் பாருங்கள்: ஒருவர் நூலின் முறுக்கு எவ்வளவு என்று கேட்கிறார், ஒரு நிட்டிங் மாஸ்டர் கம்பாக்டிங்கில் (துணியை மெஷினில் அமுக்கிச் சீர்செய்யும் வேலை) சரிசெய்தாலும் துவைத்ததும் திரும்ப வந்துவிடாதா என்று வாதாடுகிறார், ஒரு பையிங் ஹவுஸ்காரர் "இன்பாக்ஸ் பாருங்கள்" என்கிறார். பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதலில் போய் அதைப் பாருங்கள், இந்தப் பக்கத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

சரி, பார்த்துவிட்டு வந்தீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். உங்களுக்கு வேலையோ ஆர்டரோ கொடுக்கக்கூடியவர்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் சில நூறு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். ஒரு துணி துவைத்ததும் கோணுகிறது, ஷிப்மென்ட் நிற்கிறது, அந்த நேரத்தில் இவர்களில் யாருக்காவது "அந்தத் திருப்பூர்க்காரரைக் கேட்டுப் பார்ப்போம்" என்று தோன்றினால் உங்களுக்குச் செல்வாக்கு இருக்கிறது, தோன்றவில்லை என்றால் லட்சம் ஃபாலோயர் இருந்தும் இல்லை. உங்கள் ஆபீஸ் பையன் இருக்கும் தொழில் வேறு. அவன் உற்சாகம் விற்கிறான், அதற்குக் கூட்டம் வேண்டும். அவனோடு உங்களை ஒப்பிட்டுக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். வட்டக் கட்டரில் நூறு சதுர சென்டிமீட்டர் வெட்டி, எடை போட்டு, நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. இது தெரியாதவர் உங்கள் ஊரில் இல்லை. ஆனால் ஒரே ரோலில் டையிங்காரர் வெட்டினால் 180, நீங்கள் வெட்டினால் 172 வருவது ஏன் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? துணியை ஆறவிட்டு வெட்டினார்களா, ஓரத்தில் வெட்டினார்களா, கட்டரின் பிளேடு மழுங்கியிருந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் ஒரு சண்டைக் கதை இருக்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு ஷேடு, கடை விளக்குக்குக் கீழே போனதும் தனித்தனியாகத் தெரிகிற கதை. அப்புறம் அந்த ஏ.க்யூ.எல். (எத்தனை குறை வரை லாட்டை ஏற்கலாம் என்ற அளவு) நாடகம்: 3,000 பீஸ் லாட்டில் வழக்கமான முறைப்படி 125 பீஸ் எடுத்து, 2.5 என்ற அளவில் பார்த்தால், பெரிய குறை ஏழு வரை பாஸ், எட்டாவது வந்தால் ஃபெயில். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஃபேக்டரி மேனேஜர், இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர், மெர்ச்சன்டைசர் மூவரின் முகமும் எப்படி மாறும் என்பதை நீங்கள் எழுதினால் நானே படிப்பேன், எனக்கும் பனியனுக்கும் உள்ள தொடர்பு போட்டுக்கொள்வது மட்டும்தான் என்றாலும்.

தினமும் எழுத வேண்டாம். வாரத்துக்கு ஒன்று, முடிந்தால் இரண்டு. ஆரம்பத்தில் "அனைவருக்கும் வணக்கம், இன்று நான் பகிர விரும்புவது" என்று தொடங்குகிறீர்களே, அதை விடுங்கள். போனில் முதல் இரண்டு மூன்று வரிதான் தெரியும், மீதியைப் படிக்க விரல் தட்ட வேண்டும். அந்த இரண்டு வரியை வணக்கத்துக்குச் செலவழித்தால் யார் தட்டுவார்கள்? "நேற்று 4,000 பீஸ் திரும்பி வந்தது, எல்லாம் ஒரே துவைப்பில் கோணியது" என்று தொடங்கினால் தட்டுவார்கள். பெயருக்குக் கீழே 'ஆர்வமும் அர்ப்பணிப்பும் மிக்க தொழில்முறை நிபுணர்' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறீர்கள். லிங்க்ட்இன்காரன் 220 எழுத்து இடம் கொடுத்திருக்கிறான், அதில் நிட் துணியில் துவைத்த பிறகு வரும் குறைகளைப் பார்ப்பவர் என்று நேராகப் போடுங்கள். நான் பல வருடம் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவன். ஆர்வமும் அர்ப்பணிப்பும் என்று தேடி ஒருவரையும் எடுத்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. பையர் பெயர், ஸ்டைல் நம்பர், தொங்கும் டேக், பில், எதுவும் படத்தில் வரக்கூடாது. இதை அடிபட்டுத்தான் கற்றேன். சில வருடங்களுக்கு முன்பு ஒரு பயிற்சி வகுப்பு முடிந்த சந்தோஷத்தில் ஒரு செல்ஃபி போட்டேன். பின்னால் இருந்த வெள்ளைப் பலகையில் இன்னொரு வாடிக்கையாளரின் பெயரும், அவர்கள் எத்தனை பேரை வேலையிலிருந்து எடுக்கப் போகிறார்கள் என்ற எண்ணும் இருந்ததை நான் கவனிக்கவில்லை. இருபது நிமிடத்தில் போன் வந்தது. படத்தை எடுத்துவிட்டேன், அந்த வாடிக்கையாளர் மட்டும் திரும்ப வரவில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இப்போது படம் போடும் முன் நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

கேள்வி: பத்தாயிரம் ஃபாலோயர் விலைக்குத் தருகிறார்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் கூட்டம் காட்டினால் நிஜமானவர்களும் வருவார்கள் அல்லவா?
- விளம்பர ஏஜென்சி நடத்துபவர், சேலம்

பதில்: வரமாட்டார்கள். வாங்கியவர்கள் உங்கள் போஸ்ட்டைத் தொடக்கூட மாட்டார்கள், பத்தாயிரம் பேரில் நான்கு லைக் என்பது வாடிக்கையாளர் கண்ணுக்கு உடனே தெரியும். அதிலும் நீங்கள் விளம்பர ஏஜென்சி வேறு.

கேள்வி: சார், மதுரையில் நான்கு வருடமாக வக்கீல் தொழில் செய்கிறேன். இன்ஸ்டாவில் ஒரு நிமிட ரீல்ஸ் போட ஆரம்பித்தேன். என் சீனியர் பார்த்துவிட்டு, "இதெல்லாம் விளம்பரம்மா, பார் கவுன்சிலில் கூப்பிட்டுக் கேட்பாங்க" என்று திட்டிவிட்டார். நிறுத்திவிடட்டுமா?
- பெண் வழக்கறிஞர், மதுரை

பதில்: உங்கள் சீனியர் பாதி சரி. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36-வது விதி, வழக்கறிஞர் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்வதையும் ஆள் பிடிப்பதையும் தடுக்கிறது. 2008-ல் கொஞ்சம் தளர்த்தி, சொந்த இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்த வகை வழக்குகள் என்ற விவரங்களைப் போடலாம் என்றார்கள். அவ்வளவுதான். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், வக்கீல்களைப் பட்டியல் போட்டு ஸ்டார் கொடுத்து விற்கும் ஆன்லைன் தளங்களைக் கடுமையாகச் சாடியது, தொழிலை வியாபாரமாக்காதீர்கள் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். 2025 மார்ச்சில் பார் கவுன்சிலும் சமூக ஊடக விளம்பரங்களை எச்சரித்து அறிக்கை விட்டது. ஆக, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதில் சந்தேகம் வேண்டாம்.

இன்னொரு பாதி இருக்கிறதே, அதையும் சொல்கிறேன். சட்டத்தை விளக்குவதும் கட்சிக்காரரைக் கூப்பிடுவதும் வேறு வேறு. செக் திரும்பி வந்தால் வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நோட்டீஸ் எதிராளி கைக்குப் போய் 15 நாளில் பணம் வரவில்லை என்றால், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இந்தத் தேதிக் கணக்கைத் தவறவிட்டுப் பணத்தைத் தொலைத்த கடைக்காரர்கள் எத்தனை பேர் உங்கள் சேம்பருக்கு வந்திருப்பார்கள்! காலண்டரை வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் அதைச் சொல்லிக் கொடுங்கள். போன் நம்பர் ஓடக்கூடாது, "இந்த வழக்கில் நான் ஜெயித்தேன்" கூடாது, காசு கொடுத்துப் பரப்பக்கூடாது, நீதிமன்ற வளாகத்தில் கோட் பறக்க ஸ்லோமோஷனில் நடந்து வருவது வேண்டவே வேண்டாம். போடும் முன்பு சீனியரிடமே காட்டுங்கள். ரொம்ப நாள் திட்ட மாட்டார், இரண்டாவது வாரத்தில் அவரே ஒரு பாயின்ட் எடுத்துக் கொடுப்பார் என்று நினைக்கிறேன்.

டாக்டர்கள், ஆடிட்டர்களிடமிருந்தும் இதே மாதிரி கேள்விகள். டாக்டர்களுக்கு 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இருக்கின்றன. 2023-ல் சமூக ஊடகத்துக்கென்றே தனிப் பகுதியோடு புதிய விதிகளை அறிவித்து, அதே மாதத்தில் நிறுத்தியும் வைத்தார்கள். ஆடிட்டர்களுக்கு 1949 சட்டத்தின் முதல் அட்டவணையில் ஆள் பிடிப்பதும் விளம்பரமும் தொழில் ஒழுக்கத் தவறு என்று இருக்கிறது. மூன்று தொழிலுக்கும் என் பதில் ஒன்றுதான்: நோயையும் சட்டத்தையும் கணக்கையும் பேசுங்கள், உங்களைப் பற்றிப் பேசாதீர்கள்.

கேள்வி: தம்பி, எனக்கு 56 வயசு. கோயமுத்தூரில் 30 வருசமா மோட்டார் காயில் கட்டுகிறேன். எழுத வராது, கேமரா முன்னால் நின்னா நாக்கு ஒட்டிக்குது. பையன் சொல்றான், "அப்பா யூடியூபில் போடுங்க, தொழில் வரும்"னு. எனக்கெல்லாம் இது ஆகுமா?
- மோட்டார் மெக்கானிக், கோவை

பதில்: ஆகும் அண்ணா, உங்களுக்குத்தான் ஆகும். முகத்தைக் காட்டவே வேண்டாம், கையைக் காட்டுங்கள். வாரம் எத்தனை எரிந்த மோட்டார் வருகிறது? ஒவ்வொன்றும் ஒரு வீடியோ. மூன்று பேஸில் (கரன்ட் வரும் மூன்று லைனில்) ஒன்று போன பிறகும் ஓடி எரிந்த மோட்டாரைத் திறந்தால், ஸ்டார் கனெக்‌ஷன் என்றால் இரண்டு பேஸ் காயில் கருகி ஒன்று மட்டும் புதுசு போல இருக்கும், டெல்டா என்றால் ஒன்று மட்டும் கருகியிருக்கும். ஓவர்லோடில் எரிந்தால் எல்லாமே ஒரே மாதிரி கருகும். உங்களுக்கு இது பார்த்த உடனே தெரியும், தோட்டத்தில் மோட்டார் வைத்திருக்கும் விவசாயிக்குத் தெரியாது. அவர் மோட்டார் சரியில்லை என்று கம்பெனியைத் திட்டிக்கொண்டு, அதே லைனில் புது மோட்டாரை மாட்டி அதையும் எரிப்பார். கருகின காயிலை விரலால் தொட்டுக் காட்டி, "இது மோட்டார் தப்பில்லைங்க, பேஸ் போயிருக்கு, ஸ்டார்ட்டரில் பிரிவென்டர் போடுங்க, ஒரு பேஸ் போனா அதுவே மோட்டாரை நிறுத்திடும்" என்று இந்தக் கடிதத்தில் எழுதின மாதிரியே பேசினால் போதும்.

போனை ஒரு ஸ்டாண்டில் நிறுத்திக் கொள்ளுங்கள். பக்கத்துப் பட்டறையில் லேத் ஓட ஆரம்பிக்கும் முன், காலையில் எடுங்கள், சத்தம்தான் இதில் பெரிய எதிரி. தலைப்பை மட்டும் பையனிடம் விடாதீர்கள். அவன் 'அதிர்ச்சி! யாரும் சொல்லாத ரகசியம்!' என்று வைப்பான். விவசாயி தேடும்போது 'போர் மோட்டார் அடிக்கடி எரிவது ஏன்' என்றுதான் தேடுவார், அதையே வையுங்கள்.

யூடியூப் விளம்பரக் காசைப் பெரிதாக நம்ப வேண்டாம். முழு விளம்பர வருமானத்துக்கு ஆயிரம் சப்ஸ்கிரைபரும், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் கேட்கிறார்கள், குட்டி வீடியோ என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. வந்தால் நல்லது. ஆனால் பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் வீடியோ பார்த்துவிட்டு மோட்டாரை வேனில் ஏற்றிக்கொண்டு உங்கள் பட்டறைக்கு வந்தால், அந்த ஒரு வேலையில் கிடைப்பதே கையில் நிற்கும்.

இன்னொன்று, பையனிடம் சொல்லுங்கள். எடுக்கும் வீடியோ எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும், போனில் கூப்பிட்ட விவசாயிகளின் நம்பரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்தத் தளங்கள் எல்லாம் வாடகை வீடு. 2020 ஜூன் 29-ஆம் தேதி ராத்திரி டிக்டாக் உட்பட 59 செயலிகளை அரசு தடை செய்தது, அதற்கு முந்தின நாள் வரை லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்தவர்கள் மறுநாள் எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்கள். கூகுள் ப்ளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது, ஆர்குட் அதற்கும் முன்னால், 2014-ல். நோட்டில் இருக்கும் நம்பரை யாரும் மூட முடியாது.

கேள்வி: மென்பொருள் டெஸ்டராக இருக்கிறேன். என் ஆங்கிலம் சுமார். தமிழில் எழுதினால் மதிப்பார்களா, ஆங்கிலத்தில் எழுதினால் சிரிப்பார்களா?
- டெஸ்டர், நாகர்கோவில்

பதில்: யார் படிக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. உங்களுக்கு வேலை கொடுப்பவர் பெங்களூரிலோ புனேயிலோ இருந்தால் ஆங்கிலம்தான். லிங்க்ட்இன்னில் அமெரிக்காவுக்கு அடுத்து அதிகம் பேர் இருப்பது நம் நாட்டில், உங்களைப் படிக்கப் போகிறவரின் ஆங்கிலமும் பெரும்பாலும் உங்களுடையதைப் போல வீட்டில் பேசாமல் பள்ளியில் படித்து வந்ததுதான். நீங்கள் தினமும் எழுதும் பக் ரிப்போர்ட் இருக்கிறதே: இப்படிச் செய்தேன், இது வர வேண்டும், அது வந்தது. மூன்று வரி. யாராவது சிரித்தார்களா? அதே ஆங்கிலத்தில் எழுதுங்கள். கல்லூரி மாணவர்களுக்கு டெஸ்டிங் சொல்லிக் கொடுக்க ஆசை என்றால் தமிழில் வீடியோ போடுங்கள், அங்கே ஆங்கிலம் கலந்த நம் ஊர்த் தமிழ்தான் எடுபடும்.

கேள்வி: கரூரில் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். எந்த ஷேர் ஏறும் என்று சொல்கிறவர்களுக்கு ஏகப்பட்ட கூட்டம். நானும் வாரம் ஒரு ஷேர் சொல்லி டெலிகிராமில் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.
- ஒரு வாசகர், கரூர்

பதில்: வேண்டாம். அந்த யோசனை சொன்னவர் நண்பராக இருந்தால் அவரையும் தடுங்கள். முதலீட்டு ஆலோசனைக்கு 2013 முதலும், ஷேர் ஆய்வுப் பரிந்துரைக்கு 2014 முதலும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு செய்ய வேண்டும் என்ற விதிகள் இருக்கின்றன, ஃபண்ட் விற்க உங்களிடம் இருக்கும் ஏ.ஆர்.என். பதிவு எண் அதற்குப் போதாது. 2024-லிருந்து செபி இன்னும் இறுக்கிவிட்டது. பதிவு பெற்ற நிறுவனங்கள், பதிவில்லாமல் ஷேர் சொல்கிறவர்களோடு கூட்டு வைக்கக்கூடாது. கல்வி கற்பிக்கலாம், ஆனால் கல்வி என்ற பெயரில் இன்றைய விலையைக் காட்டி ஷேர் சொல்ல முடியாதபடி, குறைந்தது மூன்று மாதம் பழைய விலை விவரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2025 ஜனவரியில் சுற்றறிக்கை வந்தது.

ஷேர் பெயர் சொல்லாமல் எழுத உங்களுக்கு என்ன குறை? வீட்டுக்காரர் திடீரென்று இறந்துவிட்டார், நாமினி போடவில்லை, மனைவி எந்தெந்தக் காகிதத்தோடு எத்தனை அலுவலகம் ஏறி இறங்க வேண்டும் என்று ஒரு தொடரே எழுதலாம், கரூரில் அதைப் படிக்காத வீடு இருக்காது. 2013 முதல், ஃபண்ட் நிறுவனத்திடமே நேராகப் பணம் போடும் டைரக்ட் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதில் கமிஷன் கிடையாது. அதையும் நீங்களே எழுதுங்கள்: "என் மூலமாகப் போட்டால் எனக்குக் கமிஷன் வரும், அதற்கு நான் செய்து தரும் வேலை இவ்வளவு." சில பேர் டைரக்டுக்குப் போய்விடுவார்கள்தான். மீதிப் பேர் ரொம்ப காலம் கூடவே இருப்பார்கள், நான் பார்த்த வரையில்.

கேள்வி: அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். என் பாட வீடியோக்களுக்கு நல்ல வரவேற்பு. இப்போது விளம்பர வருமானம் வரும் நிலை வந்துவிட்டது. வாங்கலாமா?
- ஆசிரியர், புதுக்கோட்டை

பதில்: வீடியோ போடுவதும் அதில் காசு வாங்குவதும் ஒன்றில்லை. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 உங்களுக்குப் பொருந்தும். துறைக்கு எழுத்தில் விண்ணப்பித்து, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு விளம்பரத்தை இயக்குங்கள், "தலைமை ஆசிரியர் வாய்மொழியாகச் சரி என்றார்" என்பது நாளைக்கு யாராவது புகார் போட்டால் நிற்காது. மாணவர்களின் முகத்தைக் காட்டாதீர்கள். பின்னக் கழித்தலில் பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள் என்று காட்ட அந்தக் குழந்தையின் முகம் தேவையில்லை, நோட்டுப் பக்கம் போதும், அதிலும் பெயரை மறைத்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டு உள் அலங்காரம் செய்கிறேன். ஒரு பிளைவுட் கம்பெனி வெளிநாட்டுச் சுற்றுலா கூட்டிப் போகிறேன், பதிலுக்கு ஐந்து வீடியோ போடுங்கள் என்கிறது. இதை வெளியே சொல்ல வேண்டுமா?
- இன்டீரியர் டிசைனர், திருச்சி

பதில்: சொல்லியே ஆக வேண்டும். காசாக வந்தாலும் டிக்கெட்டாக வந்தாலும் ஒன்றுதான். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை வழிகாட்டியே வெளியிட்டது: விளம்பரம் என்று எல்லோருக்கும் புரியும் வார்த்தையில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் போட வேண்டும், முப்பது ஹேஷ்டேக் நடுவில் ஒளிக்கக்கூடாது. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் பத்து லட்சம் வரை, திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம் வரை, பரிந்துரை செய்கிறவரையும் அது பிடிக்கும். வரியும் இருக்கிறது. தொழில் சார்ந்து கிடைக்கும் இந்த மாதிரிச் சலுகைகள் வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டி.டி.எஸ். என்பது 2022 ஜூலையில் வந்தது. 2025-26 மதிப்பீட்டு ஆண்டின் படிவத்தில் சமூக ஊடகச் செல்வாக்காளர்களுக்கென்று 16021 என்று ஒரு தொழில் எண்ணே கொடுத்துவிட்டார்கள், வருமான வரித் துறை உங்களை அங்கீகரித்த பிறகு இனி வேறு யார் அங்கீகரிக்க வேண்டும்!

ஆனால் என் கவலை வேறு. ஐந்து வீடியோவுக்குப் பிறகு நீங்கள் எந்தப் பிளைவுட்டைச் சொன்னாலும், "இதுக்கு எங்க டூர்?" என்றுதான் வீட்டுக்காரர் கேட்பார். உங்கள் தொழிலில் பலகையைத் தேர்ந்தெடுத்துத் தருவதுதான் பாதி வேலை. நானாக இருந்தால் போகமாட்டேன். போவதென்றால் ஒரு வீடியோவோடு நிறுத்திக்கொண்டு, அந்தக் கம்பெனியின் எந்த ரகத்தைச் சமையலறையில் போடவே கூடாது என்பதையும் அதில் சொல்ல அனுமதி கேளுங்கள். கேட்டதும் அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து முடிவு செய்யலாம்.

கேள்வி: சாட்ஜிபிடியிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் போஸ்ட் வந்துவிடுகிறது. இனி நாம் ஏன் உட்கார்ந்து எழுத வேண்டும்?
- மனிதவளத் துறை, சென்னை

பதில்: எல்லோருக்கும் ஒரு நிமிடத்தில் வருகிறது, அதுதான் பிரச்சினை. காலையில் லிங்க்ட்இன்னைத் திறந்தால் ஒரே கல்யாண மண்டபத்தில் எல்லோரும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. எழுத்துப்பிழை பார்க்க, நீளத்தைக் குறைக்க, ஆங்கிலத்தைச் சீர்செய்யப் பயன்படுத்துங்கள், நானும் செய்கிறேன். போன வாரம் நேர்காணலுக்கு வந்த பையன் சம்பளம் கேட்டதும் ஏன் எழுந்து போனான் என்பது அதற்குத் தெரியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், அவன் யார் என்று தெரியாதபடி.

கேள்வி: எத்தனை மாதத்தில் பலன் தெரியும்? நேராகச் சொல்லுங்கள்.
- பெயர், ஊர் வேண்டாம்

பதில்: நேராகச் சொன்னால், ஒரு வருடத்துக்கு ஒன்றும் நடக்காத மாதிரியே இருக்கும். என் கணக்கைச் சொல்கிறேன். ஆரம்பித்த அன்று ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, லைக்கை எல்லாம் விட்டுவிட்டு, நான் எழுதியதைப் படித்துவிட்டு வேலை விஷயமாக யார் கூப்பிட்டார்கள், எந்தத் தேதியில், என்ன கேட்டார்கள் என்பதை மட்டும் எழுதி வந்தேன். முதல் வருடம் பதினொரு பேர். அதில் மூன்று பேர் அவர்கள் பையனுக்கு வேலை கேட்டவர்கள், ஒருவர் இன்சூரன்ஸ் விற்க வந்தவர். மீதி ஏழு பேரில் இரண்டு பேரோடு இன்றைக்கும் வேலை செய்கிறேன். இரண்டாவது வருடம் நோட்டு பாதி நிறைந்தது. மூன்றாவது வருடம் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டேன், வரும் போனை எடுக்கவே நேரம் சரியாக இருந்தது.